சோபாவுக்கு அடியில் ஒரு விளம்பரம்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொன்னவர்கள் என் அக்காவைப் பார்த்ததில்லை. அவளுக்குப் பேச வராது, கைதான் பேசும். காபிக் கறை என்றால் ஒரு மாதிரி தேய்ப்பாள், மைக் கறை என்றால் வேறு மாதிரி, பூனை செய்துவிட்டுப் போன காரியம் என்றால் இன்னொரு மாதிரி. மண்டி போட்டுக் கம்பளத்தை மோந்து பார்த்தே கறைக்கு எத்தனை நாள் வயது என்று சொல்லிவிடுவாள். ஆனால் அந்தக் கம்பளத்தின் சொந்தக்காரர் எதிரே வந்து நின்றால் போதும், கல்யாணப் பெண்ணைப் போலத் தரையைப் பார்ப்பாள்.

ஒரு பெரிய ஹோட்டலில் பத்தொன்பது வருடம் அறைகளைச் சுத்தம் செய்தவள். போன வருடம் அந்த ஹோட்டல் தன் பழைய கம்பளம் கழுவும் மெஷினைக் கழித்துக்கட்டியபோது, அதை இவள் வாங்கிக்கொண்டு வேலையையும் விட்டுவிட்டாள். காரணம் கேட்டதற்கு, "இனிமே யாராவது மணி அடிச்சா நான் ஓட மாட்டேன்" என்றாள். அவள் வாழ்நாளில் பேசிய நீளமான வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

ஓடவில்லைதான். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐந்து மாதத்தில் நான்கு வீடு கிடைத்தது, அதில் ஒன்று என் வீடு. அப்போது பார்த்து ஹோட்டல் மேனேஜரிடமிருந்து தகவல் வந்தது. பழைய இடம் காலியாக இருக்கிறது, மாதக் கடைசிக்குள் வந்தால் சேர்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் வேறு ஆள். அக்கா தனக்குத்தானே ஒரு கோடு கிழித்துக்கொண்டாள். மறுபடி மறுபடி கூப்பிடும் வீடுகள் பன்னிரண்டு சேர்ந்தால் தொழிலில் இருப்பது, சேராவிட்டால் ஹோட்டலுக்குத் திரும்புவது. கையில் இருந்தது இருபத்தைந்து நாள்.

நான் சும்மா இருப்பேனா? நான் இன்சூரன்ஸ் விற்கிறவள். நன்றாக இருக்கிற மனிதரிடம் போய், நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஆரம்பித்துக் கையெழுத்தும் வாங்கி வருகிறவள். அக்காவின் சமையலறை மேஜையில் ஒரு நோட்டைத் திறந்து, "மார்க்கெட்டிங் பிளான்" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். யாருக்கு விற்பது, எப்படித் தெரியப்படுத்துவது, எப்படித் திரும்ப வரவைப்பது என்று மூன்று தலைப்புகள்.

"பிளான்னா என்னடி?" என்றாள் அக்கா.

"உன்னை நாலு பேருக்குத் தெரிய வைக்கிறது."

"தெரிஞ்சா பேச வேண்டி வருமே."

டெய்லரான மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டே, "பிளான் முடிஞ்சதும் சொல்லுங்க, சாப்பிடலாம்" என்றார். எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான் நிதானமானவர்.

முதல் தலைப்பை நான் ஒரு நிமிடத்தில் தாண்டினேன். பெரிய வீடு இருந்தால் கம்பளம் இருக்காதா என்ன? ஆயிரம் நோட்டீஸ் அடித்து, பெரிய கேட் வைத்த வீடுகளாகப் பார்த்து, ஒரு காலையில் ஒரு தெருவையே முடித்தேன். கடைசி வீட்டுக்காரர் நோட்டீஸை மேலிருந்து கீழ்வரை படித்தார். தன் வீட்டுத் தரையைப் பார்த்தார். முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும் வெறும் கல் தரை. பிறகு என்னைப் பார்த்து, "கம்பளமும் நீங்களே கொண்டு வருவீங்களா?" என்றார். திரும்பி வரும்போது ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்தேன். தெரு முழுக்கக் கல் தரை. மொட்டைத் தலையர்கள் கூட்டத்தில் சீப்பு விற்றிருக்கிறேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலை அவளே கிளம்பிப் போனாள். வீடுகளைப் பார்க்கவில்லை, குப்பைத் தொட்டிகளைப் பார்த்திருக்கிறாள். மத்தியானம் வந்து, "மார்க்கெட்டுக்குப் பின்னாடி அஞ்சு மாடி கட்டடம் இருக்குல்ல, அங்க தொட்டியில பஞ்சு பஞ்சா கம்பள நூலு கிடக்குது. எல்லா வீட்டுலயும் ஒரே கம்பளம், சுவருக்குச் சுவர்" என்றாள். நான் நோட்டில் முதல் தலைப்பை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். என் கையெழுத்து அன்று கொஞ்சம் சின்னதாகவே வந்தது.

இரண்டாம் தலைப்புக்கு நான் சொன்ன வழி அவளுக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் பேச்சே இல்லை. வாசலில் நின்று ஓர் அட்டையை நீட்ட வேண்டும். "ஒரு சதுர அடி இலவசமாகக் கழுவித் தருகிறோம். பிடித்திருந்தால் கூப்பிடுங்கள்." உள்ளே போய்க் கழுவிவிட்டு வந்துவிட வேண்டியதுதான். மிச்சத்தைப் பக்கத்து அழுக்கே பேசும் என்று நான் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

பத்து நாளில் பதினெட்டு வீடு. ஒரு போன்கூட வரவில்லை. அக்கா போனை எடுத்து எடுத்துப் பார்த்து, கடைசியில் அதன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். பதினோராவது நாள் நான் கூடப் போனேன். கதவு திறந்தது, அட்டையை நீட்டினாள், உள்ளே விட்டார்கள். நேராகப் போய் மூன்று பேர் உட்காரும் சோபாவை இழுத்தாள். அது இருந்த இடத்தில் மண்டி போட்டு, ஒரு சதுர அடியை அப்படியே புதுசு போலக் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்தாள். பிறகு சோபாவைத் துளி சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு, சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

படி இறங்கும்போது கேட்டேன். "அக்கா, எல்லா வீட்டுலயும் இப்படித்தான் பண்ணினியா?"

"ஆமா. ஏன்?"

"சோபாவுக்கு அடியிலயா?"

"பின்ன? சாயம் போகுமான்னு தெரியாம நடு ஹால்ல கை வைப்பாங்களா? கண்ணுக்குத் தெரியாத இடத்துலதான் முதல்ல பாக்கணும். ஹோட்டல்ல அதுதான் முறை."

குடத்துக்குள் வைத்த விளக்கைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சோபாவுக்கு அடியில் வைத்த விளக்கு, அதுவும் இத்தனை வீட்டில், அன்றுதான் பார்த்தேன். வந்த கோபத்துக்கு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"யாருக்கா குனிஞ்சு பாப்பாங்க?"

"பெருக்கும்போது பாப்பாங்கல்ல."

"அங்க யாரும் பெருக்கறதே இல்ல. அதனாலதான் உனக்கு வேலையே."

அக்கா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அவமானப்பட்டவள் மாதிரி எனக்குத் தெரியவில்லை. "சரி, சாயம் போகலைன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே நடுவுல பண்ணலாம்" என்றாள். அப்படியே திரும்பி மாடி ஏறினாள்.

மாமாவின் இஞ்ச் டேப்பை எடுத்து வந்து, சுவருக்கு நேராக அளந்து, ஒவ்வொரு ஹாலின் நடுவிலும் சதுரம் போட்டாள். அப்போதுதான் அந்தக் கட்டடத்துக்கே ஒரு விஷயம் தெரிந்தது. எல்லோரும் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்த கம்பளம் பச்சை. ஒரு வீட்டில் சதுரத்தின் மேல் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு மறைத்துவிட்டார்கள். இன்னொரு வீட்டு அம்மா, "என் வீடு அழுக்குன்னு ஊருக்கே கட்டம் கட்டிக் காட்டுறீங்களா?" என்று அக்காவைப் பிடித்துக்கொண்டார். அக்கா தரையைப் பார்த்தாள். அந்த அம்மாவும் வேறு வழியில்லாமல் தரையைப் பார்த்தார். அங்கே பச்சைச் சதுரம் இருந்தது. மறுநாள் அவரே போன் செய்தார்.

மூன்றாவது மாடியில் ஒரு பாட்டு டீச்சர். அவரிடம் எட்டுக் குழந்தைகள் பாட்டு கற்றுக்கொள்கிறார்கள். எட்டும் அந்தச் சதுரத்தில்தான் உட்காருவேன் என்று ஒன்றையொன்று தள்ளியதில் அன்றைக்குப் பாட்டே நடக்கவில்லையாம். சாயங்காலமே கூப்பிட்டார். "ஒண்ணு அதை மறுபடி அழுக்காக்குங்க, இல்ல மிச்சத்தையும் கழுவுங்க. எனக்குத் தொண்டை போயிடுச்சு." அக்கா மிச்சத்தைக் கழுவினாள். அதைப் பார்த்துவிட்டு எதிர்வீடு கூப்பிட்டது, எதிர்வீட்டைப் பார்த்துக் கீழ்வீடு.

மூன்றாம் தலைப்பில் நான் வாயைத் திறக்கக் கூடாது என்றுவிட்டாள். "நீ பேசினா ஆளுங்க பயப்படுறாங்க" என்றாள், அதுவும் மாமா எதிரில். கழுவி முடித்ததும் கேட்க வேண்டிய ஒரே வாக்கியத்தை மெஷினுக்கு எதிரே நின்று நாள் கணக்கில் சொல்லிப் பார்த்தாள். "ஆறு மாசம் கழிச்சு வரட்டுமா?" கேட்ட வீடுகளில் சிலர் பார்க்கலாம் என்றார்கள். வாங்க என்று சொன்னவர்களின் கதவு எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தோம். ஏழு.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஊருக்கெல்லாம் தைரியம் விற்கிற எனக்கு, என் அக்கா விஷயம் என்று வந்ததும் கை கால் ஓடவில்லை. "போயிடுக்கா. ஹோட்டல் நிலையான இடம். ஏழு பத்தாது, நீயே பன்னிரண்டுன்னு சொன்ன" என்றேன். அவள் நோட்டை மூடினாள். புடவை மாற்றிக்கொண்டு ஹோட்டலுக்குக் கிளம்பினாள். அவளுக்குப் பேச வராது என்பதால் நானும் கூடப் போனேன். சம்பளம், லீவு, முதுகுவலிக்குத் தகுந்த வேலை என்று மேனேஜரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் வழி நெடுக மனப்பாடம் செய்தேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். "என்னம்மா, தொழிலெல்லாம் பண்றியாமே, எத்தனை வீடு பிடிச்ச?" என்றார்.

"ஏழு சார்."

அவர் சிரித்துவிட்டார். "ஏழு வீட்டை நம்பி யாராவது இருப்பாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா தலையை நிமிர்த்தி அவரை நேராகப் பார்த்தாள்.

"பத்தொன்பது வருஷம் ஒரே ஒரு இடத்தை நம்பித்தான் சார் இருந்தேன். இப்ப ஏழு இருக்கு."

சொல்லிவிட்டு, டீயை முழுவதும் குடித்துவிட்டு எழுந்தாள். நான் மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் வேலையில்லாமல் போனது, கண்ணும் நிறைந்துவிட்டது. அவள் கதவருகே போய் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.