152-ஆவது மீட்டர்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். பட்டப்பகலில், என் இரண்டு கண்ணாலும் பார்த்தது இது.

சுரங்கப்பாதை வேலை. உள்ளே போகிற ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு வில்லை குத்தியிருக்கும். அவர் எத்தனையாவது மீட்டரில் நிற்கிறார் என்று அது சிக்னல் அனுப்பும். வாசலில் உள்ள பெட்டி அதை ஆளுக்கொரு ஃபைலில் எழுதும். ஐந்து நிமிடம் சிக்னல் வராவிட்டால் ஃபைலை அழித்துவிடும். அந்த ஃபைல்களை அடுக்குகிற மென்பொருளை எழுதியவன் நான்.

அதில் ஒரு ஓட்டை இருந்தது. பட்டியலை வரிசையாகப் படித்துக்கொண்டு போகும்போது நடுவில் ஒரு ஃபைல் அழிந்தால் பெட்டிக்குத் தெரியாது. பழைய ஞாபகத்திலேயே அந்தப் பெயரையும் வாசித்துவிடும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன?

மதியம் 2.10. உள்ளே கூரை இடிந்தது. மாட்டிக்கொண்டது ஏழு பேர். அதில் ஒருவர் என் அக்கா புருஷன்.

2.31. ஆறு பெயர் பட்டியலில் இல்லை; இடிந்த பாறை சிக்னலை மறைத்திருக்கும். அத்தான் பெயர் மட்டும் இருந்தது... 210 மீட்டர்.

"மேலேருந்து துளை போட ஒரே மெஷின்தான் இருக்கு. எங்க போடட்டும்? சீக்கிரம்!" என்றார் இன்ஜினியர்.

போனில் அக்கா. "அவரு பேரு இருக்காடா? இருக்குன்னு சொல்லுடா!"

என் ஓட்டைதான் அந்தப் பெயரைக் காட்டுகிறதோ? பெட்டியின் கரண்டைப் பிடுங்கினேன். பழைய ஞாபகம் மொத்தமும் போய்விடும். மறுபடி போட்டேன்.

டிக்... டிக்...

2.40. அத்தான் பெயர் வந்தது. 204.

பழைய ஞாபகம் என்றால் எண் மாறாதே!

2.43. 181.

2.46. 160.

2.47. 152... நின்றுவிட்டது.

"நூத்தி அம்பத்திரண்டு! அங்க போடுங்க!" என்று கத்தினேன். போனில், "உயிரோட இருக்காருக்கா!" என்றேன். அழுதேன்.

4.20. துளை இறங்கியது.

ஆறு பேர். உயிரோடு.

அத்தான் இல்லை.

மறுநாள் 210-இல் பாறைக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். இடிந்த கணமே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். அக்காவின் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

பெட்டியின் சிப்பைக் கழற்றிப் படித்தேன். அத்தானின் ஃபைல் 2.15-க்கே அழிந்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை.

ஆஸ்பத்திரியில், பிழைத்தவர்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருட்டுல ஆளுக்கொரு பக்கம் ஓடப் பாத்தோம். உங்க அத்தான் வந்துதான் உக்கார வெச்சாரு. துளை விழுற வரைக்கும் ஒவ்வொருத்தர் பேரா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு..."

சற்று நிறுத்தினார்.

"ஆறு பேருதாங்க. ஒவ்வொரு தடவையும் அவரு பேர மட்டும் விட்டுட்டாரு."