தூத்துக்குடிக் கடலில் ஒரு பொய்யான புள்ளி

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைவதுதான் என் பிழைப்பு. இருபத்தோரு வருஷம். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் விலகினாலும் எனக்குச் சோறு இறங்காது. என் மனைவி இதை வியாதி என்கிறாள். இந்த வலைப்பூவில் பேருந்துக் கட்டணத்தைக்கூடச் சில்லறையோடு எழுதுவது அந்த வியாதியால்தான்.

சென்ற வருஷம் சென்னையில் ஓர் ஆவணக் காப்பகத்தில் தூத்துக்குடி முத்துப் பார்களின் பழைய வரைபடம் ஒன்றைப் பார்த்தேன். பார் என்றால் சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டு. வெள்ளைக்காரர் காலத்தது. ஒவ்வொரு பாருக்கும் ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர், எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழம், சிப்பி எப்படி என்று குறிப்பு. ஒரே ஒரு பார் மட்டும் என்னை உறுத்தியது. மாப்பிள்ளைப் பார் என்று அதை வைத்துக்கொள்வோம். அதன் குறிப்பில் ‘சிப்பி இல்லை, பாறை இல்லை, வெறும் மணல்’ என்று இருந்தது. பாறையே இல்லாத இடத்துக்குக் கடல்காரர்கள் ஏன் பார் என்று பெயர் வைத்தார்கள்? நகல் எடுத்துக்கொண்டு வந்தேன். அலுவலகத்தில் கேட்டவர்களிடமெல்லாம் இதையே புலம்பி, கடைசியில் மாசி மாதம் மூன்று நாள் விடுப்பு போட்டேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 5.10க்குப் பேருந்து. கட்டணம் 135 ரூபாய். உப்பளங்கள் கண்ணில் படத் தொடங்கியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். 8.25க்குத் தூத்துக்குடி பழைய பேருந்து நிலையம். அங்கிருந்து மீனவர் பகுதியான திரேஸ்புரம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 80 ரூபாய்.

ஆட்டோக்காரர் பெயர் அந்தோணி. முத்துப் பார் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் கண்ணாடியில் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணாச்சி, முத்து இப்ப ரயில் பேருலதான் கெடக்கு. கடல்ல சங்குதான். எம் மச்சான் சேவியர் சங்கு குளிக்கான். அவன்ட்ட கூட்டிட்டுப் போறேன், வாங்க.”

வழியில் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்கள் தமிழ் எழுத்தில், அடுத்த கடையில் நாடார் பெயர், அதற்கடுத்து அரபுப் பெயர். போர்த்துக்கீசியர் வந்து ஞானஸ்நானமும் பெயரும் கொடுத்தார்கள். பிறகு டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர். மூன்று கொடிக்கும் இந்தக் கடலில் வேண்டியிருந்தது முத்து. ஆனால் ஒரு கொடிக்காரனுக்கும் மூழ்கத் தெரியாது. சுறாவை மந்திரத்தால் கட்டுகிற ஆள் கரையில் உட்கார்ந்தால்தான் குளியாட்கள் இறங்குவார்கள் என்பதால், மந்திரத்தை நம்பாத ஆங்கில அரசே அவருக்குக் கூலி கொடுத்திருக்கிறது. படித்தபோது வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

சேவியருக்கு நாற்பத்து நாலு வயது. வலை உலர்த்தும் இடத்தில் வள்ளத்தின் இன்ஜினைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு என் வரைபடத்தை வாங்கியவர் முதலில் செய்த காரியம், அதைச் சுற்றித் திருப்பியது. நான் கரையிலிருந்து கடலைப் பார்க்கிற மாதிரி பிடித்திருந்தேன். அவர் கடலிலிருந்து கரையைப் பார்க்கிற மாதிரி பிடித்தார். பிறகு ஒவ்வொரு பாராக விரல் வைத்துக்கொண்டே வந்தார்.

“இது சரி. இதுவுஞ் சரி. நல்லாத்தான் போட்டிருக்கான்.” மாப்பிள்ளைப் பாரில் விரல் நின்றது. சிரித்தார். “இது தொரை அடையாளம்லா!”

“அப்படின்னா?”

“பனிமய மாதா கோயில் கோபுரத்தையும் பழைய விளக்குக் கம்பத்தையும் ஒரே கோட்டுல வச்சுப் போனா இங்கன வந்து நிப்பீங்க. கீழ மணலுதான். அது தொரைக்குச் சொன்ன அடையாளம். வீட்டு அடையாளம் வேற.”

அவர் சொன்னது இதுதான். முத்துக் குளிப்பு அறிவித்தால் பார் முழுவதும் சர்க்காருக்கு. காவல் படகு நிற்கும். குளிப்பு இல்லாத வருஷங்களில் குடும்பம் பிழைக்க, அவருடைய முன்னோர்கள் மற்றப் பார்களையெல்லாம் சரியாகக் காட்டிவிட்டு ஒன்றை மட்டும் நகர்த்திக் காட்டினார்கள். துரை ஆளை இறக்கிப் பார்த்தார், மணல்தான் வந்தது, அப்படியே எழுதிக்கொண்டார்.

நான் உடனே நம்பிவிடவில்லை. மணல் நகரும், பாறை மூடும், குடும்பக் கதைகளும் காலப்போக்கில் பெருகும். “நேரில் பார்க்கலாமா?” என்றேன். டீசலுக்கு என் பங்கு 600 ரூபாய் என்று பேசிக்கொண்டோம்.

மறுநாள் காலை 5.40க்குக் கிளம்பினோம். வள்ளத்தில் என்னையும் சேர்த்து ஏழு பேர். சேவியரின் பக்கத்தில் காஜா. எதிரே முத்துக்குமார், நெற்றியில் திருச்செந்தூர் விபூதி. அந்தக் காலக் கணக்கில் குளியாட்களைக் கத்தோலிக்கப் பரவர், முஸ்லிம், இந்து என்று கட்டம் போட்டுப் பிரித்திருந்தது நினைவுக்கு வந்தது. ஆள் பெயர் ஒன்றுகூட இல்லை. இதைச் சொன்னேன்.

“மூணு கட்டமும் இந்த வள்ளத்துலயே இருக்கு சார்,” என்றார் காஜா. “இவன் மவனுக்கு ஞானஸ்நானம்னா பிரியாணி நாந்தான்.”

சேவியர் கரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அவன் எங்களை மூணா எழுதினான். எங்களுக்கு ரெண்டுதான். வீட்டு அடையாளம் தெரிஞ்சவன், தெரியாதவன்,” என்றார்.

சற்று நேரத்தில் இன்ஜின் நின்றது. கரையில் இரண்டு பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் நின்றன. அதுதான் வீட்டு அடையாளம். முன்பு அதில் ஒன்று பனைமரமாம். மரம் போனதும் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் இறங்கினார்கள். நான் விளிம்பைப் பிடித்தபடி நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டில் சேவியரின் தலை வந்தது. வலைப்பையில் நான்கு சங்கு. இன்னொரு கையில் ஒரு பாறைத் துண்டு, எனக்காக உடைத்துக்கொண்டு வந்தது. அதில் ஒரு சின்னச் சிப்பி ஒட்டியிருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒரு சாம்ராஜ்யத்தின் வரைபடத்தில் நூறு வருஷத்துக்கு மேலாக இருந்த தப்பை என் கையில் வைத்திருந்தேன். “இடத்தைப் போனில் பிடிச்சிட்டேன்! மூணு மீட்டர் துல்லியம்! இதைத் திருத்திப் போட்டுடலாம்!” என்று கத்தினேன்.

மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்தார்கள். முத்துக்குமார் சங்குகளைக் கோணியில் போட்டு வாயைக் கட்டினார்.

“சார், தப்பு எம் மேலதான்,” என்றார் சேவியர். “கரைக்காரருக்கு நேரா நின்னு காட்டினாலும் திரும்பி வரத் தெரியாதுன்னு நெனச்சிட்டேன். போனு நெனப்புல இல்ல. இந்த எடம் வெளிய தெரிஞ்சா பெரிய வள்ளமா வந்து ஒரே மாசத்துல வழிச்சிட்டுப் போயிருவாங்க. ஆறு வீட்டு அடுப்பு இங்கனதான் எரியுது.”

கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் என்னைக் குறை சொல்லவே இல்லை. வெட்கமாக இருந்தது. துரையாவது கேட்டு எழுதிக்கொண்டார். நான் கேட்காமலே எடுத்திருந்தேன்.

போனை அவர் பக்கம் திருப்பிப் பிடித்து, புள்ளியை அழித்தேன். விரல் தயங்கியது, மறைக்க மாட்டேன். இருபத்தோரு வருஷத்தில் சரியான அளவு ஒன்றை நானாக அழித்தது இதுவே முதல் தடவை.

“இதைப் பற்றி நான் எழுதவே இல்லை, போதுமா?” என்றேன்.

“எழுதாம இருந்தாத்தான் சந்தேகம் வரும்,” என்றார் காஜா. சேவியர் முதல் முறையாகக் கரையை விட்டு என்னைப் பார்த்தார். “எழுதுங்க சார். வரைபடக்காரர் எழுதினா நாலு பேரு நம்புவான்லா.”

திரும்பும் வழியில் இதையேதான் யோசித்தேன். கொடிகள் மாறின, பெயர்கள் மாறின, கட்டங்கள் போட்டார்கள். எல்லா அரசும் இந்தக் கடலை அறிந்துகொண்டது, மூழ்கத் தெரிந்தவர்கள் சொன்ன அளவுக்குத்தான். என் அலுவலகச் சுவரில் தொங்கும் வரைபடங்களில் இப்படி எத்தனை புள்ளி இருக்குமோ! முன்பென்றால் இந்த நினைப்பில் சோறு இறங்கியிருக்காது. அன்று மதியம் அந்தோணி வீட்டில் விளமீன் குழம்பு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

போகிறவர்களுக்கு: கடல் அடங்கியிருக்கும் மாசி, பங்குனி நல்லது. தங்க 900 ரூபாயிலிருந்து அறை கிடைக்கும். தொப்பி, தண்ணீர், உயிர்காப்பு அங்கி அவசியம். வள்ளத்தில் ஏறினால் கேட்காமல் போனை எடுக்காதீர்கள்.

மாப்பிள்ளைப் பார் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பனிமய மாதா கோயில் கோபுரத்தையும் பழைய விளக்குக் கம்பத்தையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு, கரையிலிருந்து சரியாகப் பதினொன்றரை கிலோமீட்டர். பழைய வரைபடத்தில் துல்லியமாகப் போட்டிருக்கிறார்கள். நானே போய்ச் சரிபார்த்தேன்.