மேகத்தைத் தொடவும்

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு, குழந்தைகள் இணையத்தில் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் கதைகளுக்கு அனிமேஷன் செய்து கொடுப்பது என் பிழைப்பு. நயினார்கோவில் பக்கம் எங்கள் வீட்டில் இருந்தபடியே செய்கிறேன். இந்த வருஷம் ஒரு விவசாயி கதை கேட்டார்கள். என்னைப் பெற்ற அய்யாவையே வரைந்துவிட்டேன், தலையில் துண்டோடு.

எங்கள் பக்கம் மழைக்கு முன்னாலேயே புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கிடப்போம். கதையிலும் அப்படித்தான் வைத்தேன். குழந்தை விரலால் விதை தூவும். பிறகு மழை வந்தாலும் வரும், வராமலும் போகும். அதற்கு மேல் தொட ஒன்றும் இல்லை.

கம்பெனியில் கதைகளைப் பார்க்கும் பெண் போன் செய்தார். "சும்மா காத்துக்கிட்டே இருந்தா பாதியிலயே மூடிட்டுப் போயிடுவாங்க. மேகத்தைத் தொட்டா மழை பெய்யற மாதிரி வச்சிடுங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாதியில் மூடிவிட்டுப் போக முடிகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. மேகத்தில் ஒரு பொத்தான் வைத்தேன்.

அய்யா அப்போது நிஜ வயலுக்குக் காத்திருந்தார். ஒரே ஒரு மழை பெய்து ஏமாற்றிவிட்டது. அதில் முளைத்த பயிர் விரல் உயரத்தில் நின்று மஞ்சளடித்தது. தேவிபட்டினம் கடல் பக்கம் இடி இடித்தால்கூட எழுந்து வாசலுக்குப் போவார். அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவராக வயலில் ஆட்டை மேயவிட்டார்கள். ஆட்டை விட்டால் அந்த வருஷ வெள்ளாமையைக் கைகழுவியாயிற்று என்று அர்த்தம். அய்யா மட்டும், "இன்னும் நாலு நாள் பாப்பம் தாயி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

கதை முடிந்த அன்று சாயங்காலம் போனை அவரிடம் நீட்டினேன்.

"மேகத்தைத் தொடுங்கய்யா."

தொட்டார். மழை கொட்டியது. கண்மாய் நிறைந்தது, பயிர் பச்சைப்பசேலென்று எழுந்தது, துண்டு கட்டிய சின்ன அய்யா வரப்பில் குதித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"பயிரு நல்லா வந்துருக்கு," என்றார். பிறகு, "நம்ம வயல்ல காலையில ஆட்டை விடச் சொல்லிட்டேன் தாயி" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. திரையில் கதை முடிந்து, கடைசிப் பொத்தான் வந்து நின்றது.

"இது என்ன கேக்குது?"

"மறுபடியும் விதைக்கிறீங்களான்னு கேக்குதுய்யா."

"விதைநெல்லுக்கு எங்கன போறது," என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.