ஃபர்சானா சொன்ன ஒரே பொய்

காரைக்குடியில் ஃபர்சானா வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் போனால், டானிக் கேட்பதற்கு முன் நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும். "இதைக் குடிச்சா ஒண்ணும் ஆகாது. கீரை வாங்கித் தின்னுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். கடைக்காரர் பல தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டார். பொய் சொல்ல அவளுக்கு வராது. வாயைத் திறந்தால் உள்ளது உள்ளபடி வந்து விழும். கோட்டையூரில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காததற்கும், மீதிப் பேர் அவளிடம் மட்டும் யோசனை கேட்பதற்கும் இதுதான் காரணம்.

அவளுடைய தம்பி இனாமுல் ஹசன் உகாண்டாவில் இருந்தான். சோலார் விளக்கு விற்கும் கம்பெனியில் வேலை. விளக்கைப் பெட்டியோடு பின்னால் கட்டிக்கொண்டு, மின்சாரம் எட்டாத கிராமங்களுக்கெல்லாம் மோட்டார் பைக்கில் போவான். அங்கே பைக்தான் பஸ், பைக்தான் லாரி. ஓட்டுகிறவனுக்குப் பின்னால் மூன்று பேர், மூன்றாவது ஆள் மடியில் ஆடு, இப்படியெல்லாம் வீடியோ எடுத்து அக்காவுக்கு அனுப்புவான். மழை பெய்தால் அந்த ஊர்ச் செம்மண் ரோடு சோப்புத் தண்ணீர் கொட்டியதுபோல வழுக்கும். "ஹெல்மெட்டைத் தலையில போடுறியா, டேங்க் மேல வைக்கிறியா?" என்பதுதான் அக்கா எப்போதும் அனுப்பும் பதில்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளியூரில் இருப்பவனுக்கு வீட்டில் நடந்த சாவை நாங்கள் போனில் சொல்ல மாட்டோம். "கொஞ்சம் சீரியஸா இருக்காக, உடனே வா" என்போம். வருகிற வழியில் அவனுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதாம். நல்ல எண்ணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருசத்துக்கு முன்னால் அப்பாவின் தம்பி, சின்னத்தா, இறந்தபோது இனாமுலுக்கு இப்படித்தான் சொன்னார்கள். விமானத்தில் வந்த நேரம் முழுக்க, அடக்கம் பண்ணி முடித்துவிட்ட மனிதருக்கு உடல்நலம் கேட்டு துஆ செய்துகொண்டே வந்தான். வாசலில் இறங்கி விசயம் தெரிந்ததும் அவன் அழவில்லை. "என்னை ஏன் இப்படிக் கிறுக்கனாக்குனீக?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினான். அவன் கேட்டதில் தப்பே இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை அவர்களுடைய தகப்பனார் சிக்கந்தர் ராவுத்தர் குளியலறையில் மயங்கி விழுந்தார். மாரடைப்பு. காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "வரவேண்டியவங்களை வரச் சொல்லிருங்க" என்று டாக்டர் சொன்னதும் ஃபர்சானா தம்பியைக் கூப்பிட்டாள்.

"அத்தா சீரியஸா இருக்காக. இன்னைக்குச் சாயங்கால ஃபிளைட்டைப் பிடி."

 அவன் மெல்லக் கேட்டான். "எப்ப அடக்கம்?"

ஃபர்சானாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உயிரோடுதான் இருக்கிறார் என்று சொன்னாள். சத்தியம் பண்ணினாள். சின்னத்தாவுக்கும் இப்படித்தான் சத்தியம் பண்ணினார்கள் என்றான் அவன். போட்டோ எடுத்து அனுப்பு என்றான். தீவிர சிகிச்சை அறைக்குள் போனைக் கொண்டுபோக நர்ஸ் விடவில்லை. அத்தாவைப் பேச வைக்கலாம் என்றால் வாயில் குழாய். ஊரறிய உண்மை பேசுகிறவள், சொந்தத் தம்பியிடம் ஒரு உண்மையை விற்க முடியாமல் வராந்தாவில் நின்றாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆனாலும் அவன் பைக்கை எடுத்துவிட்டான். அவன் இருந்த கிராமத்திலிருந்து விமான நிலையம் வெகுதூரம். நடுநடுவே நிறுத்திப் பேசினான். மழை பிடித்துக்கொண்டது என்றான். இரண்டு தடவை சறுக்கி விழுந்தேன், அடியில்லை என்றான். அதற்குப் பிறகு வீடியோ காலில் வந்தான். அவன் முகத்துக்குப் பின்னால் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

அது தரைப்பாலம். பாலம் இருக்கும் இடமே தெரியாமல் காவி நிறத்தில் வெள்ளம் போனது. கரையில் பைக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். சற்று முன்பு இறங்கிய ஒருவனை வெள்ளம் இழுத்துப் போய், வளைவில் ஒரு மரத்தில் சிக்க வைத்திருக்கிறது. ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள், பைக் போய்விட்டது. சுற்றிப் போனால் நாளைக்குத்தான் போய்ச் சேரலாம். இன்றைய விமானத்தை விட்டால் அடுத்த டிக்கெட் இரண்டு நாள் கழித்துத்தான்.

"அக்கா, இப்பவாவது உண்மையைச் சொல்லு" என்றான். "அத்தா போயிட்டாகன்னா நான் அவசரப்படலை. சுத்திக்கிட்டு மெதுவா வாரேன். இருக்காகன்னா இப்பவே இறங்கிருவேன்."

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அத்தாவின் நெஞ்சு ஏறி இறங்குவது ஃபர்சானாவுக்குத் தெரிந்தது. கையில் இருந்த போனில் வெள்ளம் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் தம்பி ஆற்றில் இறங்குவான். ஒரே ஒரு பொய் சொன்னால் கரையிலேயே நிற்பான். ஆனால் அத்தாவை உயிரோடு பார்க்க மாட்டான். அம்மா ரஹீமா பக்கத்து பெஞ்சில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் அவருக்கும் ஏதாவது ஆகிவிடும்.

 ஃபர்சானா வராந்தாவின் கடைசிக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"அத்தா மௌத்தாயிட்டாக, தம்பி. காலையிலேயே. நீ தண்ணிக்குள்ள இறங்காத."

இனாமுல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் முகம் தெளிந்தது.

"அப்ப இருக்காக" என்றான்.

"சொல்றேன்ல?"

"நிஜமாப் போயிருந்தா, பைக்குல வாரவன்கிட்ட நம்ம வீட்டுல அதைச் சொல்லவே மாட்டீக. அல்ஹம்துலில்லாஹ். நான் இறங்குறேன்க்கா."

போன் அணைந்தது. திரும்பத் திரும்ப அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.  வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொல்லி, அதாலேயே தம்பியை ஆற்றுக்குள் பிடித்துத் தள்ளிவிட்டோம் என்று நினைத்தாள். "தம்பி எங்குட்டு வாரான்?" என்று அம்மா கேட்டபோது "வந்துக்கிட்டிருக்கான்" என்றாள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்தது, பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கும் கேட்டது. அவள் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

இருட்டிய பிறகு, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவன்தான். நாலு பேர் பைக்கில் கம்பைக் கட்டித் தோளில் தூக்கினார்களாம். இவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தானாம். நடு ஆற்றில் ஒருவனுக்குக் கால் இடறி, பைக்கோடு இவனும் முழுகி எழுந்தானாம். போன் தண்ணீரோடு போயிற்று. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. வேறொருவன் பைக்கில் தொற்றிக்கொண்டு, ஈரத்துணியோடு விமான நிலையத்துக்கு வந்துவிட்டான். அவன் குரலைக் கேட்டதும் ஃபர்சானா அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

நர்ஸிடம் மன்றாடி உள்ளே போய், அத்தாவின் காதருகில் குனிந்தாள். "தம்பி ஏறிட்டான் அத்தா. நாளைக்கு மத்தியானம் இங்க இருப்பான்." அத்தா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அவர் கேட்டுக்கொண்டார் என்றுதான் இன்றுவரை அவள் சொல்கிறாள்.

விடியற்காலை பஜ்ருக்குப் பாங்கு சொல்லும் வேளையில் சிக்கந்தர் ராவுத்தர் இறந்துபோனார்.

மகன் வரட்டும், அஸருக்குப் பிறகு அடக்கம் என்று ஜமாத்தில் முடிவு செய்தார்கள். திருச்சியில் அவனை ஏற்றிவர வேல்பாண்டியின் காரை அனுப்பினார்கள். எங்கள் தெருவில் வாடகைக்கார் ஓட்டுகிறவன். "பிள்ளைக்கிட்ட மூச்சு விடாதப்பா. கேட்டா நல்லா இருக்காகன்னு சொல்லு" என்று ரஹீமா அவனிடம் சொல்லி அனுப்பினார். வழக்கம் அதன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது.

ஃபர்சானாவுக்கு அது பொறுக்கவில்லை. ஆற்றில் முழுகி எழுந்து வருகிறவனுக்கு இன்னொரு பொய்யா? இறங்கும்போதே தெரிந்துகொள்ளட்டும், அழுதுகொண்டாவது வரட்டும் என்று நினைத்தாள். அவன் திருச்சியில் இறங்கிக் காரில் ஏறியதும் வேல்பாண்டியின் போனுக்கு அடித்து அவனிடம் கொடுக்கச் சொன்னாள்.

"தம்பி, அத்தா மௌத்தாயிட்டாக. பஜ்ர் நேரத்துல. உனக்காக மய்யித்தை அடக்கம் பண்ணாம வச்சிருக்கோம்."

இனாமுல் சிரித்தான்.

"நேத்தே இதைச் சொல்லிட்டியேக்கா. நான் இப்ப கார்ல வாரேன், பைக்குல இல்ல. மெதுவாத்தான் வாரோம், பயப்படாத." பிறகு ஓட்டுகிறவனிடம் கேட்பது அவள் காதில் விழுந்தது. "வேலு, அத்தா எப்படி இருக்காக?"

"நல்லா இருக்காகண்ணே" என்றான் வேல்பாண்டி, சொல்லிக்கொடுத்தபடியே.

"கேட்டியாக்கா? உனக்குப் பொய்யே வரமாட்டேங்குது. வேலுவைப் பாத்துக் கத்துக்க."

அவள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். அல்லாஹ் மேல் ஆணை என்றாள். அவன் கேலிதான் செய்தான். புதுக்கோட்டை, திருமயம் என்று வழியெல்லாம் அவன் வேல்பாண்டியிடம் ஆற்றைக் கடந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். அத்தாவுக்கு இதை எப்படிச் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் அவர் திட்டுவார் என்றுகூடச் சொன்னானாம். வேல்பாண்டி கண்ணாடியைப் பார்க்காமல் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டியிருக்கிறான்.

ஃபர்சானா தெருமுனைக்கு வந்து நின்றாள். வீட்டு வாசலைப் பார்ப்பதற்கு முன்னால் அவனைத் தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். கார் திரும்பியது. ஜன்னலை இறக்கி, காய்ந்த சேறு ஒட்டிய கையை நீட்டி அவளைப் பார்த்து ஆட்டினான்.

"அக்கா, வந்துட்டேன் பாத்தியா? அத்தா முழிச்சிருக்காகளா?"

அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவனுடைய பார்வை அவளைத் தாண்டி, வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலுக்குப் போனது. கை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.