மருமக்கள் படகு

அந்த வருஷத்துக் கோடை விடுமுறை எனக்கு முடியவே இல்லை. மணமேல்குடிக்குப் பக்கத்தில் கடலோரமாக இருக்கும் மாமா வீட்டுக்கு அம்மாவும் நானும் லீவுக்குப் போனோம். லீவு முடிந்தும் கறம்பக்குடிக்குத் திரும்பவில்லை. என்னை அங்கேயே நான்காம் வகுப்பில் சேர்த்தார்கள். அதே பள்ளிக்கூடத்தில் அம்மா கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள்.

லீவுக்கு முன்பே, அந்த வேலை கிடைத்த சேதி வந்த அன்று, கறம்பக்குடியில் எங்கள் வீட்டில் பெரிய சத்தம் நடந்தது. "வீட்டுல என்ன கொறச்சல்னு இப்ப வேலைக்கிப் போகணுங்கிற?" என்று அப்பா கேட்டார். அம்மா பையில் துணிகளை எடுத்து வைத்தாள். இரண்டையும் நான் பார்த்தேன். ஆனால் அந்தச் சத்தத்தையும் இந்த விடுமுறையையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. வாசலில் கடல், வகுப்பில் அம்மா. இப்படி ஒரு வாழ்வு எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் என்று பெருமையோடு திரிந்தேன்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். தோளில் பெரிய பலாப்பழம். துணைக்குக் கொடும்பாளூர் பெரியப்பா, அதாவது அம்மாவின் அக்காள் வீட்டுக்காரர். மாமா கரையில் உட்கார்ந்து பாய் தைத்துக்கொண்டிருந்தார். மாமா ஊர்க் கடலில் எல்லாம் இன்ஜின் படகுகள்தான். ஆனால் ஆவணியில் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். அதற்காக மட்டும் பழைய பாய்கள் வெளியே வரும். முந்தின வருஷம் மாமாவின் படகுதான் முதலில் கரை தொட்டது.

"வாங்க மாப்ள. என்ன சோலியா இங்கிட்டு?" என்றார் மாமா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டுக்குள் அம்மா இருந்தாள். வெளியே வரவில்லை. பலாப்பழத்தை யாரும் வாங்காததால் அப்பா அதைச் சுமந்துகொண்டே நின்றார். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பா, "சும்மாதான் மச்சான். படகு பாக்கலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டார்.

"பாத்தா போதுமா? இந்த வீட்டுல பொண்ணு கட்டுன ஒருத்தருக்காச்சும் பாய் விரிக்கத் தெரியுமா?"

பக்கத்தில் இருந்த சித்தப்பாவுக்கு இது சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். அவர் அம்மாவின் தங்கையைக் கட்டியவர். மணமேல்குடியில் செல்போன் கடை வைத்திருந்தார். "ஏன் தெரியாது? ஒங்க பழைய படகக் குடுங்க. மருமக்க படகுன்னு ஒண்ணு விட்டுக் காட்டுறோம்" என்றார்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா பலாப்பழத்தை மணலில் இறக்கி வைத்தார். "நானும் வாரேன்" என்றார்.

"மாப்ள, ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"கெணத்துல தெரியும்."

"கடலுக்குப் படிக்கட்டு கெடையாது மாப்ள."

இப்படித்தான் அந்தப் படகுக்கு ஆள் சேர்ந்தது. கறம்பக்குடியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் அப்பா, தண்ணீரைக் கண்டாலே வேட்டியை மடித்துக் கட்டும் பெரியப்பா, செல்போன் சித்தப்பா. அடுத்த ஞாயிறு முதல் அப்பா நடுவழியில் இருக்கும் அறந்தாங்கியில் பஸ் மாறிக் காலையிலேயே வந்துவிடுவார். வாரம் முழுவதும் நான் அந்த பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். அப்பாவுக்குக் கடல் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

சித்தப்பா போனில் வெளிநாட்டுக்காரர்கள் நடுக்கடலில் பாய்க்கப்பல் ஓட்டிப் பந்தயம் விடும் வீடியோக்களைக் காட்டுவார். மூவரும் தலைகளை முட்டிக்கொண்டு பார்ப்பார்கள். பிறகு படகில் ஏறி, பார்த்ததற்கு நேர்மாறாக எல்லாம் செய்வார்கள். பாயில் காற்று நிரம்பினால் படகு ஒரு பக்கம் சாயும். மறுபக்கம் வெளியே நீட்டிய பலகையில் ஏறி உட்கார்ந்து பாரம் கொடுக்க வேண்டும். உடல்வாகு பார்த்து அந்தப் பலகை பெரியப்பாவுக்கு ஒதுக்கப்பட்டது. சுக்கான் சித்தப்பாவிடம். பாயின் கீழ்முனையில் கட்டியிருக்கும் தாமான் கயிறு அப்பாவின் கையில். அதை இழுத்துப் பிடித்தால் பாய் காற்றைப் பிடிக்கும், தளர்த்தினால் காற்று கழன்று போகும். அப்பா இழுத்துப் பிடிப்பதில் கெட்டிக்காரர். விடுவதுதான் அவருக்கு வரவில்லை.

மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ, கரைக்குப் பக்கத்திலேயே படகு கவிழ்ந்தது. நெஞ்சளவு தண்ணீர்தான். ஆனாலும் பெரியப்பா குலதெய்வத்தைக் கூப்பிட்டார். கரையில் மாமாவும் அவர் ஆட்களும் கை கொட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா பாய்க்கடியிலிருந்து முக்குளித்து எழுந்தார். அப்போதும் அந்தக் கயிறு அவர் கையில் இருந்தது.

எனக்குப் பின்னாலிருந்து அம்மா நடந்து போனாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் இறங்கினாள்.

"காத்து அடிக்கையில தாமான விடணும். விட வேண்டிய நேரத்துல இன்னும் இழுக்குறீங்க. அப்பறம் கவுறாம என்ன செய்யும்?"

"எத விட?" என்றார் அப்பா. மூக்கில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"கையில வச்சிருக்கீங்கள்ல, அத!"

கறம்பக்குடியை விட்டுக் கிளம்பியபின் அம்மா அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்பா கயிற்றை விட்டார். அம்மா அவர்களோடு சேர்ந்து படகை நிமிர்த்தினாள், ஏறினாள், சித்தப்பாவிடம், "தம்பி, சுக்கான இங்க குடுங்க" என்றாள். சின்ன வயதில் தாத்தாவோடு பாய் விரித்துப் போனவள் அவள். அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். சோழகக் காற்று தெற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. படகு ஒருமுறை சிலிர்த்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. மாமாவின் சிரிப்பு நின்றது.

அதன்பின் ஞாயிறுகள் மாறின. அம்மா சொல்லுவாள், மூன்று பேரும் செய்வார்கள். ஒருநாள் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். "இப்ப விடவா?" என்று அப்பா கேட்பதும், "பொறுங்க... பொறுங்க... ம், இப்ப" என்று அம்மா சொல்வதும் வழி நெடுகக் கேட்டது. வேறு பேச்சே இல்லை. இருவரும் படகைத் தவிர எதையும் பேசமாட்டார்களா என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.

போட்டி அன்று ஒரு சிக்கல். மருமக்கள் படகில் மகள் எப்படி ஏறலாம் என்று பிற படகுக்காரர்கள் கேட்டார்கள். பந்தயம் நடத்துகிற பெரியவர் யோசித்தார். "மக இல்லாம மருமகன் எங்கேருந்துய்யா வந்தான்? ஏறட்டும்" என்றார். கரையே சிரித்தது. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டார்கள். பெரியப்பாவுக்கு மட்டும் அது முன்பக்கம் மூடவில்லை. கயிறு போட்டுக் கட்டினோம்.

தூரத்தில் கொடி கட்டிய மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். பாய்கள் கைக்குட்டை அளவுக்குச் சிறுத்துப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது வானம் தெற்கே கறுத்தது, காற்று திடீரென்று ஓங்கியது. முன்னால் வந்த இரண்டு படகுகள் பாயைத் தளர்த்தாமல் முறுக்கிப் பிடித்தன. ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து விழுந்தன. என் பக்கத்தில் நின்ற சித்தி என் கையை நசுக்கினாள். கிணற்றில் மட்டும் நீந்தத் தெரிந்த அப்பாவைத் தேடினேன். எங்கள் பாய் சட்டென்று தளர்ந்து படபடத்தது. கொஞ்ச நேரம் அப்படியே அடங்கிக் கிடந்தது. மறுபடி புடைத்தது.

கவிழ்ந்தவர்களைக் காவல் படகுகள் ஏற்றிக்கொண்டன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமா மறுபடியும் முதலில் வந்தார். எங்கள் படகு மூன்றாவதாக வந்தது. பெரியப்பா கரையில் இறங்கியதும் மணலில் படுத்துக்கொண்டார். மாமா வந்து அப்பாவின் தோளில் துண்டைப் போட்டார். "சரியான நேரத்துல விட்டீங்க மாப்ள" என்றார்.

"ஒங்க தங்கச்சி சொன்னா, விட்டேன்."

அன்று சாயங்காலம் அம்மாவின் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நாளைக்கி ஸ்கூலு இருக்குல்ல? இந்தக் கைய வச்சு போர்டுல எப்படி எழுதுவ? எண்ணெ போடு" என்றார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். எண்ணெய் போடச் சொன்னதற்கு அவ்வளவு நேரம் பார்ப்பானேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்பா வந்தார். எனக்கு ஆச்சரியம். படகுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே வீட்டுக்குள் போனார். அம்மா தட்டு வைத்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"போட்டிதான் முடிஞ்சிருச்சே. இன்னிக்கி எதுக்குப்பா வந்தீங்க?"

அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவுக்குப் புரையேறியது. அப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "அறந்தாங்கியில ஒரு வீடு பாத்துட்டு வந்தேன். நீ இங்கிட்டு ஸ்கூலுக்கு பஸ்ஸு ஏறிக்கலாம். நான் அங்கிட்டு தோப்புக்கு ஏறிக்கிறேன்."

"தண்ணி நல்லா வருமா?" என்றாள் அம்மா, சோற்றைப் போட்டுக்கொண்டே.

"வரும்னுதான் சொன்னாங்க. நீயும் ஒரு வாட்டி வந்து பாரு."

அம்மாவின் முகத்தில் சிரிப்பு வந்தது. எனக்கு வந்தது அழுகை. இத்தனை ஞாயிறு உயிரைக் கொடுத்துப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு, கடைசியில் கடலே இல்லாத ஊரில் போய் வீடு பார்த்திருக்கிறாரே இந்த அப்பா என்று எனக்கு ஆறவே இல்லை.