குடியிருந்த கம்பெனியின் ஷேர்

1. தறி விற்ற பணம்

வேலுச்சாமி ஐயா எங்கள் ஆபீஸுக்கு முதன்முதலில் வந்தது, சோமனூரில் இருந்த தன் தறிகளை விற்றுவிட்ட சமயத்தில். நான் அப்போது கிராஸ்கட் ரோட்டில் ஒரு ஷேர் புரோக்கர் ஆபீஸில் டீலர். கஸ்டமர் சொல்கிற ஆர்டரை டெர்மினலில் போடுவது, கம்பெனி ரிசல்ட் வந்தால் போன் செய்து சொல்வது, இதுதான் வேலை. இன்றைக்கு எல்லோரும் மொபைலில் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் வழக்கமாக, எது ஏறும் என்று கேட்பார்கள். இவர் முடிவு பண்ணிவிட்டு வந்திருந்தார்.

"வயசானவங்களுக்கு ஊடு கட்டிக் குடுத்துப் பாத்துக்கற கம்பெனி ஒண்ணு ஷேர் மார்க்கெட்டுல லிஸ்ட் ஆயிருக்குதாமுங்க அம்மணி. அதுல போடோணும்."

"அதுல என்னங்கய்யா அத்தனை நம்பிக்கை?"

"எங்க வீதியில வந்து பாருங்க. பசங்க பூரா அமெரிக்கா, ஆஸ்திரேலியா. ஊட்டுக்கு ரெண்டு பெருசுங்க உக்காந்திருக்கறோம். தறியில ஒரு வருசம் லாபம்னா ஒரு வருசம் நட்டம். இந்தத் தொழிலுக்கு ஆள் கொறையவே கொறையாதுங்க."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. எல்லாப் பணத்தையும் ஒரே கம்பெனியில் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். பாதியை அதில் போட்டார். அந்த ஷேர் ரொம்ப நாள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் கவலைப்படவில்லை.

2. கேர் பிளாக்

அவர் மனைவி சரஸ்வதி அம்மாவுக்கு மறதி நோய் வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். அப்புறம் வீட்டுக்கு வழி மறந்தது. ஒரு நாள் கருமத்தம்பட்டி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தவரைத் தெரிந்தவர்கள் கூட்டிவந்து விட்டார்கள். மெல்போர்னில் இருந்த மகன், அங்கே வந்துவிடுங்கள் என்றான். அந்தக் குளிரில் அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஐயா போகவில்லை. வடவள்ளி தாண்டி மலையடிவாரத்தில் அந்தக் கம்பெனி கட்டியிருந்த கேம்பஸில் ஒரு வீடு வாங்கினார். அம்மாவுக்குப் பகலில், முடியாதவர்களை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் கேர் பிளாக்கில் இடம். "நம்ம கம்பெனிதானுங்களே" என்று போனில் சிரித்தார்.

பேங்க் அக்கவுண்ட் மாற்றக் கையெழுத்து வாங்க ஒருமுறை நேரில் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். கேர் பிளாக்கில் செல்வி என்ற பெண் அம்மாவுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ரசஞ்சாதத்தை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தாள். சூலூர்ப் பெண், முப்பது வயதிருக்கும். ஊட்டும்போது ஓயாமல் பேசினாள். தன் மாமியார் பண்ணுகிற அநியாயத்தைச் சொல்ல, அம்மா வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். திறந்த வாயில் ஒரு வாய் சோறு.

ஐயா கதவோரமே நின்றார்.

"உள்ளே வாங்கய்யா" என்றேன்.

"வேண்டாமுங்க. அவளுக்கு என்னை அடையாளம் தெரியறதில்லை. ஆரோ ஒரு ஆம்பளை வந்து நிக்கறான்னு வாயை மூடிக்குவா. நான் ஊட்டுனா ஒரு வாய்கூட எறங்காது. செல்வி இருக்கறா, ஓடுது."

3. கன்கால்

ரிசல்ட் வந்ததும் கம்பெனி நிர்வாகம் அனலிஸ்டுகளோடு போனில் பேசும். அதை கன்கால் என்போம். நான் ஹெட்போன் மாட்டிக் கேட்பேன். நான் கேம்பஸுக்குப் போய்வந்த பிறகு வந்த ஒரு ரிசல்டில் அந்தக் கம்பெனியின் லாபம் யாரும் எதிர்பார்க்காத அளவு கூடியிருந்தது. எப்படி என்று அனலிஸ்டுகள் கேட்டார்கள். எம்ப்ளாயி காஸ்டை, அதாவது சம்பளச் செலவைக் குறைத்தோம், கேர் பிளாக்குகளில் ஆட்களை மறு ஏற்பாடு செய்தோம், ஏஜென்ஸி மூலம் சுழற்சி முறையில் எடுக்கிறோம் என்றார் நிர்வாக இயக்குநர். கேட்டவர்கள் எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். மார்க்கெட் முடிவதற்குள் ஷேர் அப்பர் சர்க்யூட். அதாவது அன்றைக்கு அதற்கு மேல் ஏற விடமாட்டார்கள்.

சந்தோஷமாக ஐயாவைக் கூப்பிட்டேன்.

"ஏறிப்போச்சுங்களா" என்றார். பிறகு, "செல்வியை நிறுத்திப்போட்டாங்க அம்மணி. புதுசா வர்ற புள்ளைங்க வாரத்துக்கொரு மூஞ்சி. தட்டை வெச்சுப்போட்டு அடுத்த ரூமுக்கு ஓடுதுங்க. அதுங்களைச் சொல்லிக் குத்தமில்லை, ஒருத்திக்கு அத்தனை பேரு. இவ சாப்பிடறதே இல்லீங்க."



அவர் சூலூருக்குப் போய்ச் செல்வியைக் கண்டுபிடித்தார். அவள் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பஸ் மாறி வந்து அம்மாவுக்கு ஊட்டிவிட்டுப் போனாள். அன்றைக்கு அம்மா தட்டைக் காலி பண்ணினாராம். அடுத்த ஞாயிறு கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். வேலையை விட்டுப் போனவர்கள் உள்ளே வரக் கூடாது என்பது ரூல். அவள் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியை மட்டும் செக்யூரிட்டி வாங்கி ஐயாவிடம் கொடுத்தார்.

4. ஏஜிஎம்

"ஷேர் வெச்சிருக்கறவன் கேள்வி கேக்கலாமுங்களா?" என்று ஐயா கேட்டார்.

கேட்கலாம். ஏஜிஎம் என்கிற வருடாந்திரக் கூட்டம் இப்போது வீடியோவில் நடக்கிறது. முன்கூட்டியே பெயர் கொடுத்தால் பேச நேரம் தருவார்கள். பதிவு செய்து கொடுத்தேன். கூட்டத்தன்று அவர் வீட்டு மேஜையில் என் லேப்டாப்பை வைத்துக்கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார்.

அவர் முறை வந்தது. தமிழில்தான் பேசினார்.

"வணக்கமுங்க. நான் ஷேர்ஹோல்டர். உங்க கேம்பஸ்லயே குடியிருக்கறனுங்க. எங்க ஊட்டம்மா எளைச்சுக்கிட்டே போறா. சோறு இருக்குதுங்க, உக்காந்து ஊட்ட ஆளில்லீங்க. எனக்கு டிவிடெண்டு கொறைச்சுக் குடுங்க, பரவாயில்லை. பழைய ஆளுங்களைத் திருப்பி எடுத்துக்கோங்க."

சேர்மன் இங்கிலீஷில் நன்றி சொன்னார். உங்கள் கருத்து மதிப்பு மிக்கது, எங்கள் டீம் தனியாகத் தொடர்பு கொள்ளும் என்றார். அடுத்த ஷேர்ஹோல்டர் வந்து நிர்வாகத்தைப் பாராட்டி, போனஸ் ஷேர் எப்போது என்று கேட்டார். அதற்கு நீளமாகப் பதில் சொன்னார்கள்.

டீமிலிருந்து ஒரு பெண் ஐயாவைப் போனில் கூப்பிட்டாள். செல்வி பெயரைக் குறித்துக்கொண்டாள். வேறொன்றும் நடக்கவில்லை.

5. விற்ற நாள்

சரஸ்வதி அம்மா அந்த மழைக்காலத்தில் போய்விட்டார். நிமோனியா என்று டாக்டர் எழுதினார். உடம்பில் எதிர்க்கத் தெம்பு இல்லை. மகன் காரியத்துக்கு வந்து போனான்.

அதற்கப்புறம் ஒரு நாள் காலை, மார்க்கெட் ஆரம்பித்ததும் ஐயா ஆபீஸுக்கே வந்தார். என் எதிரே உட்கார்ந்து, "அதைப் பூரா வித்துப்போடுங்க" என்றார். விலை நாங்கள் பார்த்ததிலேயே உச்சத்தில் இருந்தது. ஆர்டர் போட்ட நிமிஷமே விற்றுப்போனது.

"வாங்குனது ஆருங்க?"

"அது தெரியாதுங்கய்யா. ஸ்கிரீன்ல பேர் வராது."

"நல்ல கம்பெனின்னு நெனைச்சு வாங்கியிருப்பாப்ல" என்றார். "நானும் அப்பிடித்தானுங்களே வாங்குனேன்."

எழுந்தார். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். அதே கேம்பஸில்தான். "வேற எங்கீங்க போறது" என்றார்.

எங்கள் ஷேர் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். எம்ப்ளாயி காஸ்ட் குறைந்திருக்கிறது என்று ரிசல்டில் பார்த்தால், எந்த வேலை நின்றுபோனது என்று கேளுங்கள். துணிக் கம்பெனியில் அது ஒரு ஷிப்டாக இருக்கலாம். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனிகளில் அது யாரோ ஒருவரின் சாப்பாடு.

நான் ரிட்டயர் ஆகும்வரை, முதியோர் கம்பெனி ஷேர் வேண்டும் என்று வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: "பேலன்ஸ் ஷீட் பாருங்க. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் அங்க போயி, சாப்பாட்டு நேரத்துல சும்மா நின்னு பாத்துட்டு வாங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். போய்ப் பார்த்ததாக இதுவரை ஒருவரும் வந்து சொன்னதில்லை. "டார்கெட் எவ்வளவுங்க? எது வரைக்கும் ஏறும்?" என்றுதான் கேட்டார்கள்.