டீச்சர் போட்ட மலை

பள்ளிக்கூட ஓவியக் கண்காட்சிக்குப் போனால் நான் படத்துக்குக் கீழே இருக்கும் பெயரைப் பார்ப்பதில்லை, கோட்டைப் பார்ப்பேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை வரைந்ததாகச் சொல்லும் மயிலின் தோகையில் நடுங்காத பெரியவர் கை ஒன்று தெரிந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடுவேன். பின்னாலிருந்து என் தோளுக்கு மேல் வளையல் சத்தத்தோடு ஒரு கை நீண்டு வருவதுபோல் இருக்கும். அது எங்கள் டிராயிங் டீச்சரின் கை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்தேன். மலைக்கு மறுபக்கம் இருக்கும் அடி அண்ணாமலையிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருவேன். டிராயிங் பீரியட் வாரத்துக்கு ஒன்று. அதையும் கணக்கு டீச்சர் கேட்டு வாங்கிக்கொள்வார். தப்பிப் பிழைத்த பீரியடுகளில் எங்கள் டீச்சர் பெஞ்சு பெஞ்சாக வந்து, "தப்பு, தள்ளிக்கோ" என்று பென்சிலைப் பிடுங்கித் தானே போட்டு முடித்துவிடுவார். மணி அடிக்கும்போது வகுப்பில் எல்லாருடைய செம்பருத்தியும் ஒரே செடியில் பூத்த மாதிரி இருக்கும். கெட்டவர் இல்லை. கோணலான ஒன்றைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா நிற்க முடியாது, அவ்வளவுதான்.

அவருடையது தற்காலிக வேலை. கல்வி அதிகாரி கண்காட்சி பார்க்க வருகிறார் என்று தெரிந்த அன்று எங்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். "அவரு பாத்து நல்லா இருக்குன்னு எழுதினாதான்டி எனக்கு இந்த வேலை நிக்கும். மானத்த வாங்கிடாதீங்க." எங்களை நம்பும் தைரியம் அவருக்கு இல்லை. எல்லாப் படங்களையும் வீட்டில் உட்கார்ந்து தானே வரைந்துகொண்டு வந்தார். கீழே பெயர் எழுதுவது மட்டும் எங்கள் வேலை. எனக்கு வந்தது, ராஜகோபுரமும் அதன் பின்னே மலையும். டவுனில் நின்று பார்த்தால் தெரிகிற மலை.

அதிகாரி அந்தப் படத்தின் முன்னால்தான் வந்து நின்றார். கீழே இருந்த பெயரைப் படித்தார், என்னைக் கூப்பிட்டார். "ரொம்ப நல்லா இருக்கே! எங்க, இந்த மலைய மட்டும் இங்கயே ஒரு தடவ போட்டுக் காட்டும்மா." வெறுந்தாளும் பென்சிலும் வந்தன. அவர் சுவரிலிருந்த படத்தை முதுகால் மறைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். ஜன்னல்களை சார்ட்டுகள் மறைத்திருந்ததால் வெளியே மலையும் தெரியவில்லை. டீச்சர் எனக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. அந்தக் கை வந்துவிடாதா என்று முதல்முறையாக ஏங்கினேன். எப்படி வரும்?

எனக்குத் தெரிந்த மலை ஒன்றுதான். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எங்கள் ஊரிலிருந்து தெரிகிற மலை. உச்சி ஒருபக்கம் ஒதுங்கி நிற்கும், முன்னால் மேடுகள் தோள்தோளாக இறங்கும். அதைப் போட்டேன். வியர்வையில் தாள் கையோடு ஒட்டிக்கொண்டது.

அதிகாரி தாளை எடுத்தார், திரும்பிச் சுவரைப் பார்த்தார். "இது இன்னா, வேற மலையா இருக்கு?"

தலைமையாசிரியை முந்திக்கொண்டார். "சின்னப் பொண்ணு சார், பயத்துல தப்பா போட்டுட்டா. இல்லீங்களா டீச்சர்?"

டீச்சர் தலையை ஆட்டினால் போதும். அதிகாரி சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்பார், வேலையும் நிலைத்திருக்கும். நான் திரும்பிப் பார்த்தேன். டீச்சர் என் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு இல்லீங்க சார்," என்றார். "அவ அடி அண்ணாமலைப் பொண்ணு. அவ ஊர்லேர்ந்து பாக்கற மலை அது. செவுத்துல இருக்கறது நான் போட்டது."

"மத்ததெல்லாம்?"

டீச்சர் சுவரருகே போய்ப் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எங்கள் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் சேர்ந்தன. சுவர் காலியானதும் என் தாளை எடுத்து நடுவில் குத்திவிட்டு ஓரமாகப் போய் நின்றார்.

அந்த மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். டிராயிங் பீரியட் முழுசாகக் கணக்குக்குப் போனது. அவர் வேலை என்னால்தான் போய்விட்டது என்று நான் சாப்பிடாமல் அழுதேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா பதறிப்போய், "இன்னாங்க டீச்சர், எதனா தப்பு பண்ணிட்டாளா?" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அன்னிக்கு ஆபீசர்கிட்ட சொல்லிட்டேனே தவிர, இந்தப் பக்கத்து மலைய நான் ஒழுங்கா பாத்ததே இல்ல. கிரிவலம் வந்தப்பல்லாம் கூட்டத்துல கால பாத்துட்டே நடந்துட்டேன்."

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நெடுநேரம் வரைந்தார், அழித்தார், மறுபடி வரைந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, தாள் வைத்து வரைந்த அட்டையை மடியில் சாய்த்துக் காட்டினார். "சரியா இருக்கா?"

சரியாக இல்லை. உச்சி டவுன் மலையைப் போலவே நடுவில் வந்து நின்றது. எங்கே தப்பு என்று காட்ட நான் குனிந்து பென்சிலுக்குக் கை நீட்டினேன்.

டீச்சர் சட்டென்று பென்சிலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கை வெக்காதே," என்றார். "எங்கன்னு மட்டும் சொல்லு. நான் போடறேன்."